அமெரிக்கத் திண்ணைக்கு எத்தனை அடி?

பெண்ணையோ பிள்ளையையோ அமெரிக்காவில் வைத்திருக்கும் வாசகியருக்கு ‘டெக்’ என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டின் கொல்லைப்புறத்தில், சமையலறைத் தரையின் மட்டத்துக்கே, மரக்கால்கள் நட்டு, பலகை பரப்பி, சுற்றிலும் கைப்பிடி வைத்துக் கட்டுகிற திறந்த மேடை அது. மேலே கூரை கிடையாது. வெயில் காலம் வந்துவிட்டால் காபி, சாப்பாடு, அரட்டை, வடாம் காயவைப்பது எல்லாம் அங்கேதான். நம் ஊர்த் திண்ணை தெருவைப் பார்த்து இருக்கும். இவர்கள் திண்ணை கொல்லையைப் பார்த்து இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மேடையைக் கட்டுவதற்கு மரத்தையும் ஆணியையும் விட முக்கியமான சாமான் ஒன்று வேண்டும் என்பது நியூஜெர்ஸியில் என் பெண் வீட்டில் ஆறு மாதம் தங்கியபோது எனக்குத் தெரிந்தது. அது ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியாத கோடு. அதற்கு ‘செட்பேக்’ என்று பெயர்.

நம் சென்னையிலும் வீடு கட்டியவர்கள் வாயில் ‘செட்பேக்’ என்ற சொல் புரளத்தான் செய்கிறது. மனையின் எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்டடம் வரவேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், தெருவின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பார்த்து முன்னால் இத்தனை, பக்கத்தில் இத்தனை என்று சொல்கின்றன. ஆனால் நம்மில் பலர் அந்த இடத்தை ‘பிளான் பாஸாகிற வரைக்கும் விடுகிற இடம்’ என்றுதானே நினைக்கிறோம்? பிளான் கைக்கு வந்ததும் அங்கே மாடிப்படி முளைக்கும், மோட்டார் ரூம் முளைக்கும், அடுத்த வருஷம் அதன்மேல் ஒரு பாத்ரூமும் முளைக்கும். அமெரிக்காவில் அப்படி முளைப்பது கொஞ்சம் சிரமம்.

என் பெண்ணுக்கு டெக் மேல் ஆசை வந்தது விருந்து கொடுப்பதற்காக இல்லை. அவள் மாமியார், அதாவது என் சம்பந்தியம்மாள், இரண்டு வருஷமாகப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். கும்பகோணத்துப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசிப் பழகினவர். அந்த வீட்டில் சமையலறையிலிருந்து கொல்லைக்கு ஒரு பெரிய கண்ணாடிக் கதவு உண்டு. கதவைத் திறந்தால் மூன்றடிப் பள்ளம்! கட்டிக் கொடுத்தவர்கள் கதவை மட்டும் வைத்துவிட்டு, டெக்கை நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஊரில் இது சகஜமாம். யாரும் தவறி விழாமல் இருக்கக் கதவுக்குக் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்து வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மாள் நாள் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

“சாய்தளம் போட்டு இறக்கிடலாமே?” என்று நான் கேட்டேன். மாப்பிள்ளை காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். சக்கர நாற்காலிக்கு ஒரு அங்குலம் உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் நீளம் வேண்டும். 36 அங்குலம் இறங்க 36 அடி சாய்தளம். “கொல்லையே அவ்வளவு நீளம் இல்லை, அத்தை” என்றார். தரை மட்டத்துக்கே மேடை கட்டிவிட்டால் இறக்கவே வேண்டாம். கதவைத் திறந்து நாற்காலியைத் தள்ளினால் போதும்.

முதலில் வந்த காண்டிராக்டர் (பெயர் வேண்டாம்) கொல்லையை ஒரு நோட்டம் விட்டார். வேலிவரை டேப் பிடித்தார். “14 அடி அகலத்துக்குத் தாராளமாகப் போடலாம். பர்மிட் கிர்மிட் என்று போனால் மாசக் கணக்காகும். இரண்டு சனி, ஞாயிறு கொடுங்கள், முடித்துவிடுகிறேன்” என்றார். என் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மாப்பிள்ளைதான், “எதற்கும் டவுன் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்” என்று பிடித்துக் கொண்டார்.

கோடு எங்கே இருக்கிறது?

டவுன் ஆபீஸில் ஜோனிங் ஆபீஸராக ஒரு பெண்மணி. ரொம்பப் பொறுமைசாலி. முதல் கேள்வியே, “வீட்டு சர்வே வைத்திருக்கிறீர்களா?” என்பதுதான். வீடு வாங்கும்போது சர்வேயர் வரைந்து கொடுத்த படம் பீரோவில் இருந்தது. 75 அடிக்கு 100 அடி மனை. நம் கணக்கில் மூன்று கிரவுண்டுக்குச் சற்று மேல். தெருப்பக்கம் 25 அடி விட்டு வீடு ஆரம்பிக்கிறது. வீட்டின் ஆழம் 40 அடி. மீதி 35 அடி கொல்லை. அந்த ஊர் விதிப்படி அந்த வட்டாரத்தில் பின் எல்லையிலிருந்து 25 அடி காலியாக இருக்க வேண்டும். 35-ல் 25 போனால் 10. ஆக, டெக்குக்குக் கிடைப்பது 10 அடி.

“வேலிவரை 38 அடி வருகிறதே!” என்றாள் என் பெண்.

“வேலி எல்லை இல்லை, அம்மா. வேலி வெறும் வேலிதான்” என்றார் அந்தப் பெண்மணி.

முன்னால் இருந்த வீட்டுக்காரர் வேலியை மூன்றடி தள்ளிப் பின்வீட்டு மனையில் நட்டிருக்கிறார்! சர்வேயரைக் கூப்பிட்டு மறுபடி அளந்ததில், புல்லுக்கு அடியில் மண்ணுக்குள் புதைந்திருந்த இரும்புக் கம்பி அகப்பட்டது. நம் ஊர் சர்வே கல் மாதிரி அவர்களுக்கு அந்தக் கம்பி. அந்த 14 அடி டெக்கை அவசரப்பட்டுக் கட்டியிருந்தால் 4 அடி விதிக்கு விரோதமாகப் போயிருக்கும். பலகையாக இருந்தால் என்ன, செங்கல்லாக இருந்தால் என்ன, எடு என்றால் எடுக்கத்தான் வேண்டும். வீட்டை விற்கிற சமயத்தில் வாங்குகிறவருடைய வக்கீல் முதலில் கேட்பதே பர்மிட் காகிதங்களைத்தான்.

எதற்காக இத்தனை கண்டிப்பு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விசாரித்ததில் சரித்திரமே கிடைத்தது. 1915-ல் நியூயார்க்கில் ‘ஈக்விடபிள்’ என்ற பெரிய கட்டடம் தெருவோரத்திலிருந்தே நேராக ஆகாயத்துக்கு எழும்பி, சுற்றுப்புறத்தையெல்லாம் நிழலில் மூழ்கடித்தது. அந்தக் கூச்சல் அடங்குமுன், 1916-ல், அந்த நகரம் முழுவதற்கும் கட்டட விதிகள் வந்தன. 1926-ல் யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இந்த மாதிரி விதிகள் செல்லும் என்றது. மறு வருஷமே, வர்ஜீனியாவின் ரோனோக் ஊர் வழக்கில், ‘தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்டு’ என்கிற செட்பேக் விதியும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வெளிச்சம், காற்று, ஒரு வீட்டில் பிடித்த நெருப்பு அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருப்பது, மழைத் தண்ணீர் ஓட வழி, பக்கத்து வீட்டுக்காரருடைய அந்தரங்கம் எல்லாம் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கின்றன. மரவீடுகள் நிறைந்த தேசத்தில் நெருப்பு ஒன்றே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊருக்கு ஊர் இது மாறும் என்பதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். உங்கள் பெண் டெக்ஸாஸிலோ கலிபோர்னியாவிலோ இருந்தால், இந்த 25 அடிக் கணக்கை அங்கே சொல்லிவிடாதீர்கள்! சில ஊர்களில் டெக்குக்கு மட்டும் சலுகை உண்டு. வீட்டின் சுவரைவிடச் சில அடி அதிகம் நீட்டலாம். தரையோடு கல் பாவினால் அதற்கு விதி இளகும். வீட்டோடு ஒட்டாமல் தனியே நிற்கிற தாழ்வான மேடையைத் தோட்டத்துக் கொட்டகைபோல் கணக்கில் கொண்டு எல்லையருகே விடுகிற ஊரும் உண்டு. ஆனால் டெக்குக்கு மேலே கூரை போட்டீர்களோ, தீர்ந்தது. அது வீட்டின் பாகமாகிவிடும், வீட்டுக்குரிய விதி முழுசும் வந்து உட்காரும். முனை வீடு என்றால் பல ஊர்களில் இரண்டு தெருப் பக்கமும் ‘முன்பக்கம்’தான். அதிர்ஷ்டம் என்று நினைத்து முனை மனை வாங்கியவர்கள் இங்கேதான் விழிப்பார்கள். போதாததற்கு, கழிவுநீர்க் குழாயோ மழைநீர் வாய்க்காலோ போகிற பாதை மனைக்குள் இருந்தால், அதன்மேல் எதுவும் கட்டக்கூடாது. அதுவும் சர்வே படத்தில்தான் தெரியும்.

மனிதர் கஷ்டமும் நிலத்தின் கஷ்டமும்

பத்து அடி போதாது என்று என் பெண் அடம் பிடித்தாள். “அத்தையோட நாற்காலி திரும்பணும், பக்கத்துல நாம நாலு பேர் உட்காரணும். விலக்குக் கேட்டா என்னம்மா?” என்றாள்.

விலக்குக் கேட்க வழி இருக்கிறது. ‘வேரியன்ஸ்’ என்கிறார்கள். நியூஜெர்ஸியில் 1975-ம் வருஷத்துச் சட்டப்படி பல ஊர்களில் இதற்கென்று ஒரு குழு, ஏழு அங்கத்தினர்கள். எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள். விண்ணப்பம் போடுகிறவர், தன் மனையிலிருந்து 200 அடிக்குள் இருக்கும் எல்லா நிலச் சொந்தக்காரர்களுக்கும் விசாரணைக்குப் பத்து நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து ஆட்சேபணை சொல்லலாம், ஆதரவும் சொல்லலாம். விண்ணப்பம் பூர்த்தியானதிலிருந்து 120 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று கெடு வேறு.

விசாரணை பொது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஒரு சாயங்காலம் நானும் என் பெண்ணும் போனோம். கோர்ட் மாதிரி சத்தியப் பிரமாணம் செய்து பேசுகிறார்கள்! முதலில் ஒருவர், வளைவான தெருவில் முக்கோண மனை. எந்தப் பக்கம் கட்டினாலும் ஒரு மூலை கோட்டைத் தாண்டுகிறது. அரை மணியில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அடுத்தவருக்குச் சதுரமான, மேடு பள்ளம் இல்லாத மனை. அவர் தம் குடும்பம் பெரிது, விசேஷங்களுக்கு இடம் பற்றவில்லை என்று உருக்கமாகப் பேசினார். ஒரு அங்கத்தினர் கேட்டது ஒரே கேள்வி: “ஏன் சின்னதாகக் கட்டக்கூடாது?” அவருக்குப் பதில் வரவில்லை. அனுமதியும் வரவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. சட்டம் ‘கஷ்டம்’ என்று சொல்வது மனிதருடைய கஷ்டத்தை அல்ல, நிலத்தின் கஷ்டத்தை. மனை குறுகல், கோணல், செங்குத்தான சரிவு என்றால் அது கஷ்டம். மாமியாருக்குப் பக்கவாதம் என்பது அந்தக் கணக்கில் வராது. ஏன் என்றால், மனிதர் இன்றைக்கு இருப்பார், நாளைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போவார். கொடுத்த அனுமதி நிலத்தோடேயே தங்கிவிடும். கேட்பதற்குக் கல் நெஞ்சாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயம் இல்லாமல் இல்லை.

ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடவும் இல்லை. 1988-ல் திருத்தப்பட்ட ‘ஃபேர் ஹவுஸிங்’ சட்டப்படி, உடல் ஊனமுற்றவர் வீட்டில் மற்றவர்கள்போல் வாழ்வதற்கு அவசியமானால், விதிகளில் நியாயமான அளவுக்கு இடம் கொடுக்கும்படி ஊர் நிர்வாகத்தைக் கேட்கலாம். இதை எங்களுக்குச் சொன்னதே அந்த ஜோனிங் ஆபீஸர் அம்மாள்தான். ஆனால் அவரே, “உங்களுக்கு அவசியமாகத் தேவைப்படுவது எத்தனை அடி என்று முதலில் அளந்து பாருங்கள்” என்றும் சொன்னார்.

அளந்தோம். சக்கர நாற்காலி முழுசாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். சுவரோரம் மூன்றடிக்குச் சாப்பாட்டு மேஜை. எட்டு. ஆக, 10 அடி ஆழம் போதும். ஆளுக்கு ஆள் உட்கார இடம் வேண்டுமென்றால் ஆழத்தில் தேடாமல் நீளத்தில் தேட வேண்டியதுதான். வீட்டின் பின்சுவரை ஒட்டி 24 அடி நீளம். பக்க எல்லைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. படிக்கட்டையும் கொல்லைப்பக்கம் நீட்டாமல், சுவரோரமாகவே பக்கவாட்டில் இறக்கினோம். விலக்கும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். படத்தைப் பார்த்த சம்பந்தியம்மாள், “இது ரயில் பிளாட்பாரம் மாதிரின்னா இருக்கு!” என்றார். பிறகு அவரே, “பரவாயில்லை, திண்ணைன்னா நீளமாத்தான் இருக்கணும்” என்றார்.

பின்வீட்டுக் கிழவியம்மாள்

வேலி விஷயம் பாக்கி இருந்ததே! பின்வீட்டில் தனியாக ஒரு வயதான அம்மாள். அவரிடம் போய்ச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று என் பெண் யோசித்தாள். நான் கையைப் பிடித்து அழைத்துக் கொண்டு போனேன், ஒரு டப்பா தேங்காய் பர்பியோடு. விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். “எனக்குத் தெரியுமே! என் வீட்டுக்காரர்தான், மூன்றடிக்காகப் பக்கத்து வீட்டுக்காரனிடம் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டார்” என்றார்.

நம் நாட்டில் 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் நிலத்தை இன்னொருவர் எதிரிடையாகப் பன்னிரண்டு வருஷம் அனுபவித்துவிட்டால் சொந்தக்காரர் கேட்கும் உரிமை போய்விடும். நியூஜெர்ஸியில் அதற்கு முப்பது வருஷம். காட்டு நிலமானால் அறுபது! ஆனால் சொந்தக்காரர் ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று அனுமதி கொடுத்து அனுபவித்தால், எத்தனை வருஷமானாலும் உரிமை மாறாது. ஆகவே மாப்பிள்ளை ஒரு கடிதம் எழுதினார்: வேலி உங்கள் மனையில் இருக்கிறது, உங்கள் அனுமதியோடு இருக்கிறது, நீங்கள் சொல்லும்போது எடுத்துவிடுவோம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. அந்த அம்மாளுக்கு இருந்த உண்மையான குறை வேறு. “ராத்திரி விளக்கு என் படுக்கையறையில் அடிக்கக் கூடாது” என்றார். விளக்கையெல்லாம் கீழ்ப்பார்வையாகப் படியோரம் வைத்துவிட்டார்கள்.

கட்டுகிறபோது

தோண்டுவதற்கு முன்னால் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அந்த நாடு முழுவதற்கும் 2007-லிருந்து அந்த ஒரே எண். கேஸ், கரண்ட், தண்ணீர்க் கம்பெனிகள் ஆள் அனுப்பி, பூமிக்கடியில் குழாயும் கம்பியும் எங்கே போகின்றன என்று புல்லின்மேல் கலர் கலராகக் கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். காசு கிடையாது. கால் நடும் குழியை மூன்றடி ஆழம் எடுத்தார்கள். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து பொங்கும். ஆழம் போதாவிட்டால் காலையே மேலே தூக்கிவிடுமாம். குழியை மூடுமுன் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். சட்டம் பூட்டியதும் இன்னொரு தடவை.

இந்த இன்ஸ்பெக்டர் சமாசாரத்தை வீண் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவம். 2003 ஜூனில் சிகாகோவில் ஒரு குடியிருப்பின் பின்பக்க மரத்தளங்கள், விருந்துக்கு வந்த கூட்டத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து 13 பேர் செத்துப் போனார்கள். 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பால்கனி முறிந்து ஆறு இளம் பிள்ளைகள் மாண்டார்கள். உள்ளே தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப் போயிருந்தது. டெக்குகள் பெரும்பாலும் வீட்டுச் சுவரோடு சேருகிற இடத்தில்தான் கழன்று விழுகின்றன. அந்தச் சட்டத்தை வெறும் ஆணியடித்து நிறுத்தக் கூடாது. போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மேலே தண்ணீர் இறங்காமல் தகடு மடித்து வைக்க வேண்டும். முதலில் வந்த காண்டிராக்டர் இதையெல்லாம் இரண்டு சனி, ஞாயிறில் எப்படி முடித்திருப்பாரோ!

சக்கர நாற்காலி உள்ள வீட்டுக்காரர்கள் கவனிக்க இன்னும் இரண்டு. பலகைகளை நாற்காலி ஓடுகிற திசைக்குக் குறுக்காகப் போடச் சொல்லுங்கள். நீளவாட்டில் போட்டால் சின்னச் சக்கரம் இடுக்கில் மாட்டும். கதவின் நிலைக்கும் மேடைக்கும் நடுவே அரை அங்குல மேடு இருந்தால்கூடக் கை தூக்கித் தள்ள வேண்டிவரும். சின்னதாக ஒரு ஆப்பு வைத்துச் சரிவாக்கிவிடலாம்.

தாழ்வான, சிறிய டெக்குக்குப் பர்மிட் வேண்டாம் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். பல மாநிலங்கள் ஒட்டிப் போகும் மாதிரி விதியில் 200 சதுர அடிக்கு மேற்படாமல், தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் எழாமல், வீட்டோடு ஒட்டாமல், பிரதான வாசலுக்கு வழியாகவும் இல்லாமல் இருந்தால் கட்டட பர்மிட் தேவையில்லை என்று இருக்கிறது. நாலும் சேர்ந்து இருக்க வேண்டும். அப்போதும் எல்லைக்கோட்டு விதி அப்படியே நிற்கும்.

கடைசி நாள் வந்த இன்ஸ்பெக்டர் கைப்பிடியின் உயரம் 36 அங்குலம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பையிலிருந்து நாலு அங்குலப் பந்து ஒன்றை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். குழந்தையின் தலை நுழையாமல் இருக்கத்தான் அந்த அளவாம். படிக்கட்டுப் பக்கம் ஒரே ஒரு இடத்தில் பந்து நழுவி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. அங்கே ஒரு குச்சி சேர்த்து அடித்து, மறுவாரம் அவர் திரும்பவும் வந்து பார்த்துவிட்டுத்தான் சர்டிபிகேட் கொடுத்தார்.